வெல்னாவுக்கு ஒதுக்கிய நிமிடங்கள்

ஜனவரி 4, வியாழன், டி மாய்ன்

ஊர் ஊராகக் கூடி, அவரவர் வேட்பாளரின் மூலையில் நின்று தலை எண்ணும் காக்கஸுக்கு இன்னும் முப்பத்திரண்டு நாள். ஜனாதிபதி வேட்பாளராகப் போட்டியிடும் எங்கள் செனட்டர் பிரானக்குக்குத் திங்கள் முதல் வியாழன் வரை வாஷிங்டனில் செனட் வாக்கெடுப்பு. ஞாயிறுகளில் பாதியை அடுத்துத் தேர்தல் நடக்கும் நியூ ஹாம்ஷயர்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். மிச்சம் எனக்குப் பன்னிரண்டரை நாள். அயோவாவில் தொண்ணூற்றொன்பது கவுண்டிகள். அந்த மனிதரின் நேரத்தை நறுக்கிப் பங்கு போடுவதுதான் என் வேலை.

மிலோ அண்ணன் கூப்பிட்டான். எங்கள் ஊரான வெல்னாவில் பிரச்சாரத்துக்கு ஆள் திரட்டும் கேப்டன் அவன்தான். பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. காக்கஸ் நடக்கும் ஜிம்மைத் திறந்து நாற்காலி போடுவதும் அவன்தான்.

"ஆளைப் பாக்காம இங்க ஒருத்தனும் நிக்க மாட்டான், உனக்குத் தெரியாதா? எதிர்த்து நிக்கிற ஆல்டன் அம்மா ரெண்டு தடவை வந்தாச்சு. போன தடவை பன்றிப் பட்டிக்குள்ளயே இறங்கிட்டாங்க."

13ஆம் தேதி சனிக்கிழமை, ஐம்பது நிமிடம் போட்டேன்.

"அம்பதா! ராஜா வர்றாராக்கும். நீ வருவியா?"

ஆபீஸை விட்டு நகர முடியாது என்றேன். மூன்று மணி நேரப் பயணம்தான். ஆகஸ்டிலிருந்து இங்கே இருக்கிறேன், ஒரு தடவைகூடப் போகவில்லை.

ஜனவரி 12, வெள்ளி

வாக்கெடுப்பு நாளைக் காலை வரை இழுக்கிறதாம். சனிக்கிழமையில் ஏதாவது ஓர் ஊரைத் தூக்கியாக வேண்டும். "எதை எடுக்கலாம்?" என்றாள் கொரின். பிரச்சாரத்துக்கே தலைவி அவள். நான் யோசிக்கவே இல்லை, வெல்னா என்றேன்.

"அது உன் ஊராச்சே?"

"அதனாலதான்."

சொந்த ஊருக்குச் சலுகை காட்டினாள் என்று நாளைக்கு யாரும் விரல் நீட்டக் கூடாது. அப்படிச் சொன்னபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அண்ணனிடம் 21ஆம் தேதி, இருபது நிமிடம் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 13, சனி

எல்லாரும் செனட்டரோடு போய்விட்டார்கள். ஆபீஸில் நான் ஒருத்திதான். ஆறிப்போன சூப்.

ஜனவரி 21, ஞாயிறு

எப்படி எழுதுவது இதை.

முந்தைய ஊரில் கடைசிக் கை வரைக்கும் குலுக்காமல் செனட்டர் நகரவில்லை. அவர் சுபாவம் எனக்குத் தெரியும். தெரிந்தும் இடைவெளி வைக்கவில்லை. நான்கு மணிக்கு நியூ ஹாம்ஷயர் விமானம். பஸ்ஸிலிருந்து போன்: வெல்னாவுக்கு இன்னும் பதினொரு மைல், அந்தப் பக்கம் திரும்பவா, நேராக விமான நிலையமா?

விமான நிலையம் என்றேன்.

அண்ணனைக் கூப்பிட்டேன். அவனுக்குப் பின்னால் ஒரே இரைச்சல். "எழுபது நாற்காலி போட்டேன்டி, நிரம்பிடுச்சு! எங்க வந்துட்டிருக்கார்?" சொன்னேன். பிறகு, "இத நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு" என்று போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டான்.

எழுபது பேரிடம், நான் பார்க்காத ஒரு ஜிம்முக்குள், மன்னிக்கணும், அவர் வரலை என்றேன். யாரும் கத்தவில்லை. ஒரு பெண் குரல் மட்டும் கேட்டது: "இது நம்ம இர்மாவா?"

கத்தியிருக்கலாம் அவங்க. திட்டியாவது இருக்கலாம்.

ஜனவரி 23, செவ்வாய்

அண்ணன் போனை எடுப்பதில்லை. அழுவதற்கு எனக்கே எனக்கென்று ஐந்து நிமிடம் ஒதுக்கினேன். நான்காவது நிமிடத்தில் கொரின் கூப்பிட்டாள்.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஐந்தாவது இடம். செனட்டர் நேற்றே நியூ ஹாம்ஷயருக்குப் பறந்துவிட்டார். காலையில் ஊர்வாரியாக எண்கள் வந்தன. வெல்னா: பூஜ்யம்.

பூஜ்யம் எப்படி? அண்ணன் ஒருத்தன் இருக்கிறானே? என்னோடு படித்த பிளாங்காதான் அங்கே தலை எண்ணியவள். அவளைக் கூப்பிட்டேன்.

"அம்பத்துமூணு பேர் வந்தாங்க. எட்டுப் பேர் சேராத மூலையைக் கலைக்கணும், அதான் விதி. உங்க மூலைல மிலோ மட்டும்தான். 'இங்க வாய்யா, அங்க யாருக்குக் காவல் நிக்கிறே?'ன்னு ஆல்டன் மூலைலேர்ந்து எல்லாரும் கூப்பிட்டோம். சிரிச்சாரு, நகரலை. கடைசி வரைக்கும் நின்னுட்டு, அப்புறம் நாற்காலியெல்லாம் மடக்கி வச்சாரு."

"ஏன் போகலை?"

"அதான் எங்களுக்கும் புரியலை. அவருக்கு ஆல்டன் அம்மாவைத்தான் பிடிக்கும்னு ஊருக்கே தெரியும். உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. ஆகஸ்டில், நாலு வருஷத்துக்கு அப்புறம் அண்ணனுக்கு போன் பண்ணி நான் கேட்டது ஒன்றே ஒன்று: "வெல்னாவுக்கு ஒரு கேப்டன் வேணும், செய்வியா?" சரி என்றான்.

பிப்ரவரி 14, புதன்

செனட்டர் விலகிவிட்டார். மே மாதம் வரை கட்டம் கட்டமாக நான் நிரப்பிவைத்த நாள்களை ஒரே சொடுக்கில் அழித்தார்கள்.

அண்ணனைக் கூப்பிட்டேன். எடுத்தான்.

"சனிக்கிழமை வரட்டுமா?"

"எத்தனை நிமிஷம்?"

கிண்டலா, கோபமா? தெரியவில்லை.

பிப்ரவரி 17, சனி, வெல்னா

ஜிம்மில் அண்ணன் தரை துடைத்துக்கொண்டிருந்தான். முடி நன்றாக நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் இன்னொரு துடைப்பத்தை நீட்டினான். சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தாட்டமாம். மேற்குச் சுவரோரம் ஒரு மூலையைக் காட்டி, "அங்கதான்" என்றான். அந்த மூலையை நான் துடைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் குளிர்ப்பெட்டியைத் திறந்தான். 21ஆம் தேதிக்காக ஊரார் சுட்டுக் கொண்டுவந்த, நடுவில் ஜாம் வைத்த கொலாச்சி ரொட்டிகள் இரண்டு தட்டு, உறைந்து கிடந்தன.

"செனட்டருக்கு வச்சது. நீ தின்னு."

ஒரு தட்டை அடுப்பில் சூடாக்கி வைத்தான். கேட்டே விட்டேன். "ஏண்ணா அங்க தனியா நின்னே?"

"உன் ஆளுக்காக நான் ஏண்டி நிக்கணும்? போன் பண்ணிக் கேட்டது நீ. வேற எதைக் கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

பிளம் ஜாம் சுட்டது. கண்ணில் நீர் வந்ததற்கு அது போதுமான சாக்கு. அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"எப்ப கிளம்பணும்?"

"தெரியலைண்ணா. நேரமே போடலை."

எழுந்து போய் இரண்டாவது தட்டையும் அடுப்பில் வைத்தான்.