உன் நீல வண்டியின் சத்தம்

இன்று காலை மன்னார்புரம் சிக்னலில் என் பக்கத்தில் ஒரு பெரிய பைக் வந்து நின்றது. பச்சை நிறம், நாலு சிலிண்டர், ஓட்டியவருக்கு ஒரு முப்பது வயது இருக்கும். விளக்கு மாறுவதற்குள் அந்த மணம் வந்துவிட்டது. எஞ்சினைக் குளிர வைக்கிற கூலண்ட் கொதிக்கிற மணம். வெல்லப்பாகு லேசாக அடிப்பிடித்தால் வருமே, அந்த மாதிரி ஒரு இனிப்பு. ஹெல்மெட்டுக்குள் அது நுழைந்ததும் நீயும் கூடவே வந்துவிட்டாய். “தம்பி, ஃபேன் ஓடலை போலிருக்கு, ஓரமா நிறுத்துங்க” என்றேன். “அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே, வெயில்தான். வண்டி சூப்பரா இருக்கு” என்று முறுக்கிக்கொண்டு போய்விட்டார். நீயாக இருந்தால் விட்டிருப்பாயா? துரத்திப் போய் மடக்கி, அவர் கையாலேயே டேங்க்கைத் தூக்கி உள்ளே பார்க்க வைத்திருப்பாய். நான் பேசாமல் ஸ்ரீரங்கம் வந்து மருந்துக்கடையைத் திறந்து உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் பெங்களூரில் போய் வாங்கிய வண்டிகள். ஜப்பான்காரன் செய்த அறுநூறு சி.சி., ஒரே மாடல், இரண்டுமே செகண்ட் ஹேண்ட். நீலம் உனக்கு, சிவப்பு எனக்கு. ஷார்ஜாவில் வேலை பார்த்தபோது மேம்பாலத்துக்குக் கீழே நின்று இந்த வண்டிகள் பறப்பதைப் பார்த்தே வருஷங்களைக் கழித்தேன் என்பாய். “ஊருக்குப் போயி இதுல ஒண்ண ஓட்டாம மவுத்தாக மாட்டேன்டா” என்று போனில் நீ சொன்னபோது நான் சிரித்தேன். பிறகு பார்த்தால் உனக்கு முன்னால் நான் அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். நாமக்கல் தாண்டி முசிறி வந்து, காவிரியை ஒட்டிய சாலையில் முன்னும் பின்னுமாக வந்தோமே, அந்தச் சாயங்காலத்துக்கு ஈடாக என் வாழ்க்கையில் இன்னொரு சாயங்காலம் கிடையாது. கல்யாண நாளைச் சொல்லவில்லையே என்று என் வீட்டம்மா கேட்டால் கேட்கட்டும்.

வாங்கியதுதான் ஒன்றாக. வைத்துக்கொண்ட விதம் வேறு. நான் வண்டிக்குப் பட்டுத்துணி மாதிரி ஒரு கவர் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பேன், மழை தூறினால் அதுவும் இல்லை. நீயோ மறுநாள் காலையிலேயே அதில் ஏறி பாலக்கரையில் இருக்கும் உன் ஹார்டுவேர் கடைக்குப் போய்விட்டாய். அதோடு விட்டாயா? உறையூரில் ஒரு வீட்டுக்குக் கீலும் தாழ்ப்பாளும் கேட்டார்கள் என்று பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினாய். “ராக்கெட்டுல தாழ்ப்பாள் விக்கிற ஒரே ஆளு இவருதான்” என்று கடைத்தெருவே சிரித்தது. ஒரு நல்ல வண்டியை இப்படியா கேவலப்படுத்துவது என்று உன் மூஞ்சிக்கு நேராகவே கேட்டேன். “ஓடினா தேயும்டா மருந்துக்கடை. நின்னா கெட்டுப்போகும். தேஞ்சத மாத்திக்கலாம்” என்றாய். என் பெயரை நீ கடைசிவரை சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

நீ சொன்னதுதான் நடந்தது. கவருக்குள் இருந்த என் வண்டியின் ஒயரை எலி கடித்தது. பேட்டரி படுத்தது. டேங்க்கில் கிடந்த பழைய பெட்ரோல் பம்ப்பை அடைத்தது. எல்லாவற்றுக்கும் மேல் அந்த ஆடிப்பெருக்கு! நல்ல நாளாயிற்றே, வண்டியை எடுப்போம் என்று நான்தான் உன்னைக் கிளப்பினேன். காவிரிப் பாலத்தில் ஊர்ந்து ஊர்ந்து போனதில் என் வண்டி கொதித்து, இதே இனிப்பு மணத்தோடு ஆவி விட்டது. நிறுத்தி, இரண்டு பேரும் தள்ளினோம். பூவும் காதோலை கருகமணியும் எடுத்துக்கொண்டு வந்த ஒரு அம்மா நின்று பார்த்து, “இவ்ளோ பெரிய வண்டிய வாங்கிட்டுத் தள்ளிட்டு வர்றீங்களே தம்பி, இது என்ன வேண்டுதல்?” என்று கேட்டாரே. “இவன் வண்டிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை இப்படிச் செய்யணும்கா, இல்லன்னா கோவிச்சுக்கும்” என்றாய் நீ, கொஞ்சமும் சிரிக்காமல். அந்த அம்மா நம்பிவிட்டார். உன் வண்டி அதே கூட்டத்தில் அதே வெயிலில் ஓரமாக நின்று, ஃபேன் ஓடி அடங்கி, சமர்த்தாக இருந்தது.

ஞாயிறு காலைகளில் மதுரை பைபாஸ் டீக்கடையில் கூடுவோமே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஊரில் பெரிய வண்டி வைத்திருக்கிற அத்தனை பேரும் அங்கே வந்து ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொள்வோம். “எப்படி ஓடுது ப்ரோ?” “ஒரு பிராப்ளமும் இல்ல ப்ரோ.” நேற்றுதான் டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்த வண்டியாக இருக்கும், ஆனாலும் ஒரு பிராப்ளமும் இல்லை. இத்தனை ஆசைப்பட்டு வாங்கியதைக் குறை சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்? நீ ஒருநாள் டீயை உறிஞ்சிக்கொண்டே, “என் வண்டி போன வாரம் துவாக்குடி கிட்ட நின்னுடுச்சு. ரெக்டிஃபையர் எரிஞ்சு போச்சு. வெயில்ல ரோட்டுல உக்காந்திருந்தேன்” என்றாய். அன்றைக்கே மூன்று பேர் உன்னைத் தனியாக ஓரம் கட்டி, “அண்ணே, எனக்கும் அதேதான், யார்கிட்ட மாத்துனீங்க?” என்று கேட்டார்கள். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற அந்தச் சின்னப் பெட்டி இந்த வண்டிகள் பலவற்றிலும் இப்படித்தான் சூட்டில் போகும் என்று அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அதோடு நீ ஒரு சட்டமும் போட்டாய். இனிமேல் எவன் ஒரு பிராப்ளமும் இல்லை என்று சொல்கிறானோ, அவன்தான் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். முதல் வாரம் நான் மாட்டினேன்.

குறையைச் சொன்னாயே தவிர, அந்த வண்டியை உன்னைப் போல மெச்சினவனும் கிடையாது. ரெக்டிஃபையர் போனது, முன் ஃபோர்க்கில் ஆயில் சீல் கசிந்தது, இரண்டு முறை செயின் மாற்றினாய். அவ்வளவுதான். கொல்லிமலை வளைவுகளில் ஏறியிருக்கிறது, நாகூர் கந்தூரிக்குப் போய் வந்திருக்கிறது, அடைமழையில் கடை ஷட்டருக்கு வெளியே நாள் முழுக்க நனைந்திருக்கிறது. காலையில் பட்டனைத் தொட்டால் ஒரே அழுத்தலில் எழுந்துகொள்ளும். உனக்கும் அதற்கும் ஏதோ பேச்சுவார்த்தை இருக்கிறது என்று நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். நீ அதன் கோளாறுகளை ஒளிக்கவில்லை, அது உன்னை வழியில் விடவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

நீ போனது கடையில், நாற்காலியில், சாப்பாட்டுக்கு முன்னால். மாரடைப்பு. ஆனால் உன் வீட்டு வாசலில் கூடிய கூட்டத்துக்கு அது போதவில்லை. “அந்தப் பிசாசு வண்டி வேணாம்னு அன்னிக்கே சொன்னேன்” என்று ஒருவர் ஆரம்பித்தார், இன்னொருவர் ஆமாம் போட்டார். உள்ளே இருந்து உன் மனைவியின் குரல் கேட்டது. “அவங்க நாற்காலில உக்காந்திருக்கும்போது போனாங்க. வண்டி அவங்கள ஒரு நாளும் கீழ போட்டதில்ல. அதப் பத்தி யாரும் பேசாதீங்க.” அந்தக் கணத்தில் எனக்கு அவள் மேல் வந்த மரியாதையை எப்படிச் சொல்வேன்? நான் தங்கச்சி தங்கச்சி என்று வாயால் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், அன்றைக்கு நிஜமாகவே தங்கச்சியானாள்.

அவள் இத்தா இருந்த நாலு மாதம் பத்து நாளும் வெளி ஆண்கள் பார்க்கக்கூடாது என்று நான் வரவில்லை, போனில் மட்டும் விசாரிப்பேன். உன் மகள் கோயம்புத்தூர் காலேஜுக்குத் திரும்பிப் போன பிறகு வீட்டில் அவள் தனி. வண்டி எப்படி இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். “நல்லா பாத்துக்கிறேன் அண்ணே. தினமும் காலைல ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓட விட்டு நிறுத்திடுவேன். அவங்கதான் ஒரு தடவை காட்டிக் குடுத்தாங்க” என்றாள். அது வண்டிக்கு ஆகாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் மேலே பேசினாள். “அந்தச் சத்தம் கேட்டா கடைக்குக் கிளம்புறாங்கன்னு இருக்கும் அண்ணே. அதுக்கப்புறம் என்னால வீட்டு வேலைய பாக்க முடியுது.” சரிம்மா என்று வைத்துவிட்டேன்.

ஒருநாள் அவளே கூப்பிட்டாள். சத்தம் சரியில்லை, வண்டி தும்முகிறது, வந்து பாருங்கள் என்றாள். வந்தேன். நீ துடைக்காமல் வைத்திருந்த வண்டியை அவள் பளபளவென்று துடைத்து வைத்திருந்தாள். குனிந்து எஞ்சினின் ஆயில் கண்ணாடியைப் பார்த்தேன். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய இடத்தில் மோர் நுரை மாதிரி வெள்ளையாக இருந்தது. உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சூடு ஏறுவதற்குள் நிறுத்தி நிறுத்தி உள்ளே ஈரம் தங்கிவிட்டது. பிளக் கரி பிடித்திருந்தது, பேட்டரி செலவான சார்ஜைத் திரும்பப் பெறாமல் வற்றியிருந்தது. தினமும் அவள் ஆசையாகப் போட்டுவந்த அந்தச் சத்தமே உன் வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தது.

“என்ன அண்ணே, பெரிய கோளாறா?” என்றாள். ஒரு பிராப்ளமும் இல்லம்மா, பிளக்கை மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மாதம் ஒருமுறை நானே வந்து பிளக்கும் பேட்டரியும் மாற்றிக்கொண்டிருந்தால் அவளுக்கு எதுவுமே தெரியாது, காலையில் அவளுக்கு அந்தச் சத்தமாவது மிஞ்சும். ஆனால் அது உன் வண்டி. உன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு உன் வண்டியைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உள்ளதை உள்ளபடியே சொன்னேன். நிற்க வைத்து ஓட விடுவது அதற்கு ஆகாது, இப்படியே போனால் எஞ்சின் தாங்காது என்றேன்.

அவள் முகம் போன போக்கு இருக்கிறதே, பாவி, ஏன்டா என்னை விட்டுவிட்டுப் போனாய் என்று உன்மேல் கோபம் வந்தது. “அப்போ நான்தான் கெடுத்துட்டேனா அண்ணே?”

“இல்லம்மா. அதுக்கு ஓட்டம் வேணும், அவ்ளோதான். நல்லா சூடேறி ஒரு சுத்து சுத்திட்டு வந்தா அந்த ஈரமெல்லாம் காஞ்சிடும். வச்சிருக்கணுமா, குடுத்துடணுமாங்கிறது உங்க முடிவு.”

அவள் உள்ளே போய் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள். பிறகு சொன்னாள்: “கிளம்புற சத்தத்தைத் தினமும் நானே போட்டுக்கிட்டேன் அண்ணே. திரும்பி வர்ற சத்தத்தை எப்படிப் போட்டுக்குறது?” சாவியை என் கையில் வைத்தாள். “நீங்க எடுத்துட்டுப் போங்க. ஆனா கொண்டாந்து விட்டுடணும்.”

மெக்கானிக்கைக் கூட்டிவந்து ஆயில், பிளக், பேட்டரி எல்லாம் மாற்றி, அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்தேன். சத்திரம், காவிரிப் பாலம், திருவானைக்காவல், பிறகு பைபாஸ். முதலில் இருமியது, முரண்டு பிடித்தது. கொள்ளிடம் தாண்டி ரோடு காலியானதும் திருகினேன் பார், அடேயப்பா! மீட்டர் முள் மேலே ஏற ஏற அது பாட ஆரம்பித்தது. என் சிவப்பு வண்டி எனக்கு ஒரு நாளும் அப்படிப் பாடிக் காட்டியதில்லை. எப்பேர்ப்பட்ட வண்டிடா! இத்தனை நாள் நோகடித்தும் ஒரு சுற்றில் எல்லாவற்றையும் மறந்து எழுந்து நின்றுவிட்டது. ஹெல்மெட்டுக்குள் அழுதால் துடைக்க வழியில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

உன் தெருவுக்குள் திரும்பினேன். கேட்டின் இரண்டு கதவும் விரியத் திறந்திருந்தன. தெருமுனையிலேயே சத்தம் கேட்டு வந்து திறந்திருக்கிறாள். போர்ட்டிகோவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு இறங்கினேன், ஆனால் எஞ்சினை அணைக்கவில்லை. அணைக்கக் கை வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று ஒதுங்கி நின்றேன். ஃபேன் ஓடத் தொடங்கியது. அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு கிட்டே வந்தாள். டேங்க் மேல் உள்ளங்கையை வைத்துச் சூட்டைப் பார்த்தாள். பிறகு தானே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள்.

“வந்தாச்சு அண்ணே. நிக்க வச்சு ஓட விடக்கூடாதுன்னீங்களே.”

அதற்குப் பிறகு அவள் காலையில் ஸ்டார்ட் செய்வதில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் நான் வருகிறேன், ஊரைச் சுற்றிவிட்டுக் கொண்டுவந்து விடுகிறேன். சிக்னலில் யாராவது வண்டி எப்படி என்று கேட்டால் ரெக்டிஃபையரில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்கிறேன். கேட்டவர்கள் ஏன்டா கேட்டோம் என்று ஓடுகிறார்கள். வீடு வந்து சேர்ந்ததும் இறங்கி ஒதுங்கி நின்றுகொள்கிறேன். உன் வண்டியை இதுவரை ஒருமுறைகூட நான் அணைத்ததில்லை.