ஒற்றைக் கண்ணில் வந்த தண்ணீர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் தம்பியையும் சேர்த்தே சொல்கிறேன், அதனால் பதறாமல் முழுவதும் படி. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தம்பி டயர் கடையிலிருந்து மத்தியானமே வந்து படுத்துவிட்டான், வலது கண்ணில் தண்ணீர் நிற்காமல் வழிகிறது. முந்தின நாள் அவனுக்கும் அவன் மனைவிக்கும் சண்டை, அதற்குத்தான் அழுகிறான் என்று நினைத்து நான் அவளைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். அவள் அவன் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒத்தக் கண்ணால யாராவது அழுவாங்களா அத்தை, கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு என்றாள். கருவிழி கூம்பு மாதிரி முன்னால் தள்ளித் தள்ளி மெலிந்து ஓட்டையே விழுந்துவிட்டதாம், வந்தது கண்ணீரே இல்லையாம், கண்ணுக்குள் இருக்கிற தண்ணீராம், விட்டிருந்தால் பார்வை போயிருக்கும். தம்பிக்குப் பதினாறு வயதில் அடிக்கடி பவர் மாறியபோதே அந்தக் கண்ணாடிக் கடைக்காரன் டாக்டரிடம் அனுப்பியிருக்கலாம். பையன் நடிக்கிறான் என்றான். அன்றைக்கு மழை, அந்தக் கடைக்காரன் பச்சைச் சட்டை போட்டிருந்தான், சாகிறவரை மறக்கமாட்டேன்.

டாக்டர் உன்னைவிடச் சின்னப் பெண். மஞ்சள் மருந்தைத் தடவி நீல வெளிச்சம் அடித்து ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்தாள். வெங்காயச் சருகு மாதிரி இருக்கிற அந்தப் படலத்துக்கு உள்ளே காற்றை ஏற்றி, ஓட்டையில் ஒரு பொட்டுப் பசை வைத்து, மேலே லென்சைப் போட்டு மூடினாளே, மனுஷக் கைதானா அது என்று இன்னும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். தம்பி சும்மா இருப்பானா, நானும் தினம் பஞ்சர்தான் ஒட்டுறேன் டாக்டர், தண்ணியில முக்கிப் பாக்கலையா என்றானாம். பேசாம மல்லாந்து படுங்க, இல்லேன்னா காத்து இடம் மாறிடும் என்று அதட்டினாளாம். மருமகள்தான் கண் கொட்டாமல் மணிக்கு மணி மருந்து விட்டாள். புண் ஆறியதும் வேறு கருவிழி வைக்க வேண்டியிருக்கும், இறந்துபோன யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்துவிட்டுப் போனதை.

நேற்று மறுபடி மஞ்சள் மருந்து விட்டுப் பார்த்து, ஒழுகல் நின்னுடுச்சு என்றாள் டாக்டர். தம்பி முகத்தைப் பார்த்தேன். வலது கன்னத்தில் மஞ்சளாகக் கோடு, எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம்தான் இடது கன்னத்தையும் பார்த்தேன், அதிலும் வழிந்துகொண்டிருந்தது.

கண்ணைக் கசக்கக் கசக்கத்தான் இது முற்றுமாம், நீயும் கண்ணைக் கசக்குகிற ஜென்மம், அந்தப் பழக்கத்தை விடு. பேரனையும் ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டிவிடு. மருமகள் மேல் எனக்கிருந்த கோபங்களில் ஒன்றைத் தள்ளிவிட்டேன், அவளிடம் சொல்லிவிடாதே. எல்லோரும் கண்ணும் கருத்துமாக நீடூழி வாழுங்கள்.

ஆசிகளுடன்,
உன் அம்மா