அப்பாவுக்காக மூன்று நாள்

மார்ச் 3, செவ்வாய்
பேருந்து ஓட்டுநர் இன்றும் என்னிடம் காசு வாங்கவில்லை. "உங்கப்பா பிரான்சுல ரெண்டு பேரத் தள்ளிட்டு ரக்பி பந்தோட ஓடினாரே, பாத்தியா?" பார்த்தேன். நான்கு வருடமாக டிவியில்தான் பார்க்கிறேன். சாமோவாவில் எல்லோருக்கும் அவர் சொந்தம், எனக்கும் லாஃபி அண்ணனுக்கும் தவிர.

மார்ச் 7, சனி
அப்பா வாங்கிக் கொடுத்த வண்டியை அண்ணன் குடித்துவிட்டு ஓட்டியிருக்கிறான். எங்கள் ஊர் துவாலா வீட்டு மூத்த மகன் அதில் அடிபட்டுச் செத்துப்போனார். எழுதக் கை வரவில்லை. அண்ணனுக்குப் பத்தொன்பது வயதுதான்.

மார்ச் 8, ஞாயிறு
போலீஸ் விசாரித்துவிட்டு அண்ணனை வீட்டுக்கு அனுப்பியது. விடியும்போதே போயிருக்க வேண்டும் நாங்கள். எங்கள் வழக்கப்படி துவாலா வாசலில் தலைமேல் பாய் போர்த்தி மண்டியிட வேண்டும். அவர்கள் பாயை எடுத்தால் மன்னிப்பு. தாமதித்தால் பழிதான், ஊருக்கே தெரியும். சித்தப்பா அசையவில்லை.

"எங்கண்ணன் பிரான்சுலேர்ந்து வரட்டும். அவ்ளோ பெரிய ஆளு மண்டி போட்டா யாருக்குத்தான் மனசு எறங்காது?"

போனில் அப்பா, "செவ்வாக்கெழம வந்துடறேன்மா" என்றார்.

அண்ணனிடம் கெஞ்சினேன். "நாம மூணு பேரும் போலாம்ணா. நீ, நான், அம்மா."

"ஒரு தடவையாவது அவர் எம்பக்கத்துல இருக்கட்டும், லோசா."

மார்ச் 9
கூரையில் கல் விழுந்தது. இரண்டு முறை.

மார்ச் 10, செவ்வாய்
விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் நின்றேன். வரவில்லை. சனிக்கிழமை ஆட்டமாம், அணி விடவில்லையாம்.

மார்ச் 11
அண்ணனைக் கொன்றுவிட்டார்கள். துவாலாவின் இளைய மகன், கடைத்தெருவில், பட்டப்பகலில். மூணு நாளு — மூணு நாளு கையக் கட்டிட்டு ஒக்காந்திருந்தோம், அந்தாளுக்காக. நான் ஏன் தனியாவாவது போகல?

மார்ச் 12
மகன் செத்தால் அணி லீவு கொடுக்குமாம். நாளை மறுநாள் வருகிறார்.

மார்ச் 13, வெள்ளி
விடிந்தபோது துவாலா குடும்பம் எங்கள் வாசலில். பாய்க்கடியில் துவாலாவே மண்டியிட்டிருந்தார். வெயில் ஏறியது. எங்கள் வீட்டிலிருந்து யாரும் பாயை எடுக்கப் போகவில்லை.

சித்தப்பா சொன்னார்: "உங்கப்பாதான் பாய எடுக்கணும். அதுவரைக்கும் கெடக்கட்டும்."

"எங்கண்ணன் செத்தப்ப அவர் எங்க இருந்தாரு, சித்தப்பா?"

அம்மா எழுந்து என் கையைப் பிடித்தார். இருவரும் போய்ப் பாயை எடுத்தோம். துவாலா முகமெல்லாம் வியர்வை. எனக்கு அவர் மேல் கோபம் தீரவில்லை. ஆனாலும் அம்மா தண்ணீர் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.