மலையுச்சி விருந்தில் ஒரு மொட்டை

அன்பு மகளே,

கணினி விளையாட்டு உலகத்தில், ஆளுக்கொரு பொம்மை உருவத்தில் கூடும்படி நீ நடத்திய மலையுச்சி விருந்துக்கு நேற்று நானும் வந்திருந்தேன். சட்டை மாட்டத் தெரியாமல் வெற்றுடம்போடு நின்ற மொட்டைப் பொம்மை நான்தான். அருவியைப் பார்க்கப் போய் இரண்டு தடவை பள்ளத்தில் விழுந்தேன்.

"பாப்பா, அப்பா வந்திருக்கேன்" என்று உனக்கு மட்டும் எழுதினேன். நீ படித்துவிட்டதாகத் திரை காட்டியது.

"யாருடி இந்தக் கோமாளி?" என்றாள் உன் தோழி.

"யாரோ தெரியலடி, வெளிய தள்ளு" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள்.

சீ என்று ஆகிவிட்டது. உன்மேல் வந்ததைவிட என்மேல்தான் அருவருப்பு. நானும் அவர்களோடு சேர்ந்து ஒரு சிரிப்புப் படத்தைத் தட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் விடுதி அறைக்கு நேரிலேயே வருகிறேன். தோழிகள் "யாரு?" என்று கேட்பார்கள். நீ பதில் சொல்லும்வரை வாசலிலேயே நிற்பேன்.

அப்பா