அடி வாங்கும் இடம் மட்டும் இரும்பு

என் அருமை மாப்ளே பரமசிவம்,

முதலில் நன்றாகச் சிரித்துக்கொள். நீ செய்த துப்பாக்கியால் போன வாரம் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் பிடிபட்டேன்.

மஞ்சள் பையின் அடி நைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. டிரைவர் பிரேக் போட்டதும் பை கிழிந்து, துப்பாக்கி கீழே விழுந்து, வழுக்கிக்கொண்டு போய் ஒரு அம்மாவின் காலடியில் நின்றது. அந்த அம்மா போட்ட கூச்சலுக்கு பஸ் தானாகவே நின்றிருக்கும். கண்டக்டர் விசிலையும் ஊதி, என் சட்டையையும் பிடித்துக்கொண்டார். “உம்ம மீசையைப் பாத்தா ஜாமீன்கூடக் கிடைக்காது மச்சான்” என்று சொல்வாயே, அது அன்றைக்குத்தான் பலித்தது.

பஸ் ஸ்டாண்டில் ஒரு போலீஸ்காரர் துப்பாக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விசையை இழுத்தார். ‘டிக்’ என்றது. அவர் முகத்தில் இருந்த போலீஸ் காணாமல் போய்விட்டது.

“என்ன அண்ணாச்சி இது? உடம்பு பிளாஸ்டிக்கு, கேப்பைத் தட்டுற சுத்தி இரும்பு! கடையில இப்படி விக்காதே. எவன் செஞ்சான்?”

“கேப்பு வெடிக்கிற நாடகத் துப்பாக்கி சார். எங்க மாப்ள செஞ்சது.”

“கெட்டிக்காரர்தான். எங்க இருக்காரு?”

நான் பையைத் தைக்க ஒரு ஊசி கிடைக்குமா என்று கேட்டேன்.

இந்தக் கடிதத்தை நம் மில் மன்றத்து மலரில் போடப்போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கோபிக்காதே.

ராஜபாளையத்தில் நாம் வேலை பார்த்த நூல் மில்லில் வருடா வருடம் ஆயுத பூஜைக்கு நாடகம் போடுவோம். எனக்கு வசனம் மனப்பாடம் ஆகாது, மீசை மட்டும் ஆகிவரும். அதனால் நான் வில்லன். நீ இன்ஸ்பெக்டர். கடைசிக் காட்சியில் நான் உன்னைச் சுடவேண்டும், நீ சாகவேண்டும். என் தங்கையைக் கட்டிக்கொண்டவனை ஊர் முன்னால் சுடும் பாக்கியம் எத்தனை மச்சான்களுக்குக் கிடைக்கும், சொல்?

முதல் வருடம் தேர்த் திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் துப்பாக்கி. நான் விசையை இழுத்ததும் கேப்பைத் தட்டும் சுத்தி ஒடிந்து, பறந்து, முன்வரிசையில் இருந்த மேஸ்திரியின் மடியில் விழுந்தது. சத்தமே வரவில்லை. ஆனால் நீ அதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாய்! வேறு வழியில்லாமல் நான் வாயாலேயே “டுமீல்” என்றேன். கூட்டத்தில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் என் தங்கை செண்பகம்தான்.

அன்றைக்கு ஆரம்பித்தது நம் வழக்கு. பிளாஸ்டிக்கை எல்லாம் இரும்பாக மாற்றினால் பிரயோசனம் உண்டா, இல்லையா?

“முழுசா இரும்புல அடிச்சிருவோம் மாப்ளே. ஒரு தொல்லை இல்லே.”

“கூறு கெட்ட பேச்சுப் பேசாதியும் மச்சான். அடி வாங்குற எடம் எதுவோ அதை மட்டும் இரும்பாக்கணும். கையில பிடிக்கிறது எதுக்கு இரும்பு? நீரு என்ன பாகிஸ்தான் சண்டைக்கா போறீரு?”

நீ ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். நான் நூல் அறுந்தால் முடிச்சுப் போடுகிற ஆள். யார் பேச்சைக் கேட்கவேண்டும்? இருந்தாலும் பெண் கொடுத்த வீட்டு ஆள் என்ற மரியாதைக்கு என் பேச்சைக் கேட்டாய். அந்த மரியாதையால்தான் அடுத்த நாடகமும் கெட்டது. தடித்த இரும்புச் சுத்தியும் முரட்டு ஸ்பிரிங்கும் போடவைத்தேன். ஒத்திகையிலேயே பிளாஸ்டிக் உடம்பு இரண்டாகப் பிளந்தது. உடனே நான் என்ன சொன்னேன்? “பாத்தியா, உடம்பையும் இரும்பாக்கு!”

ஆக்கினாய். அது துப்பாக்கியா, அம்மிக் குழவியா? மேடையில் நீட்டிப் பிடித்து வசனம் பேசி முடிப்பதற்குள் என் கை ஆட ஆரம்பித்துவிட்டது. “ஏலே, வில்லனுக்கு வாதம்லே!” என்று பின்னால் ஒருவன் கத்தினான். நான் குறிவைத்தது உன் நெஞ்சை, சுட்டது உன் முழங்காலை. முழங்காலில் குண்டு பட்டுச் செத்த ஒரே இன்ஸ்பெக்டர் நீதான்.

அதற்குப் பிறகுதான் நீ என்னைக் கேட்காமலேயே உன் இஷ்டப்படி செய்தாய். உடம்பு பழையபடி பிளாஸ்டிக். விசையும் பிளாஸ்டிக். சுத்தி மட்டும் மெல்லிய இரும்பு, கேப்பு உட்காரும் இடத்தில் ஒரு சின்னத் தகடு. அவ்வளவுதான். அந்த வருடம் அது வெடித்த வெடியில் பந்தலில் இருந்த காக்காய் எல்லாம் சேத்தூர் பக்கம் போய்விட்டது! புகை என்ன, மருந்து வாசனை என்ன! நீயும் சந்தோஷத்தில் வழக்கத்தைவிட அதிக நேரம் துடித்துச் செத்தாய்.

திரை போட்ட பிறகும் நீ எழுந்திருக்க மாட்டாய். ஒருமுறை திரை பாதியில் சிக்கிக்கொண்டது தெரியாமல் செத்த இன்ஸ்பெக்டர் தலையைத் தூக்கிப் பார்க்க, கூட்டம் கொல்லென்று சிரித்தது அல்லவா? அதிலிருந்து நான் வந்து குனிந்து, “எந்திரி மாப்ளே, திரை போட்டாச்சு” என்று சொன்னால்தான் கண்ணைத் திறப்பாய். மற்ற யார் சொன்னாலும் நம்பமாட்டாய்.

அதற்குப் பிறகு வருடம் தவறாமல் அது வெடித்தது. வருடம் தவறாமல் நானும், “முழு இரும்பா இருந்தா இன்னும் சத்தம் வரும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நீ மஞ்சள் காமாலையில் போன பிறகு நாடகமும் நின்றது.

இப்போது செய்தியைக் கேள். என் மூத்தவன் கண்ணன் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருக்கிறான். சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொல்கிறான், “அப்பா, மேல்நாட்டுல நெசத் துப்பாக்கிக்கே இப்ப பிளாஸ்டிக் உடம்புதான் போடுதாங்களாம். உள்ள வேண்டிய எடத்துல மட்டும்தான் இரும்பாம். எங்க ஆபீசர் சொன்னாரு.”

மாப்ளே! நீ ஜெயித்துவிட்டாய்! வெள்ளைக்காரன் வந்து உன் பக்கம் சாட்சி சொல்லிவிட்டான்! நான் சோற்றுக் கையோடு உன் வீட்டுக்கு ஓடினேன். செண்பகம் பயந்துபோய் வாசலுக்கு வந்தாள்.

“என்னண்ணே? யாருக்கு என்ன ஆச்சு?”

“ஏட்டி, உன் புருசன் சொன்னதுதான் சரியாம்ட்டி! நெசத் துப்பாக்கியே பிளாஸ்டிக்காம்!”

“இதச் சொல்லவா எச்சிக் கையோட ஓடியாந்த? போய்க் கைய கழுவு” என்றாள். பிறகு சிரித்தாள் மாப்ளே. நீ போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். உள்ளே போய் உன் சாமான் பெட்டியிலிருந்து துப்பாக்கியை எடுத்து வந்தாள். “இந்த வருசம் நாடகம் போடுங்க. நான் முன்னால வந்து உக்காருவேன். ஆனா அவிய செஞ்சது வெடிக்கணும். நீ வாயால டுமீல்னு கிமீல்னு சொன்ன, பொறவு நடக்கிறதே வேற” என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். ஸ்பிரிங் துருப்பிடித்துக் கிடந்தது. விசையில் மயிரிழை அளவு விரிசல். அவள் முன்னால் அது ஒடிந்தால் நான் எங்கே போய் முகத்தை வைப்பேன்? அதற்காகத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர், “எல்லாத்தையும் இரும்புல மாத்தித் தாரேன் அண்ணாச்சி, காலத்துக்கும் கிடக்கும்” என்றார். இந்த வார்த்தைக்காக எத்தனை வருடம் தவம் கிடந்தவன் நான்! ஆனால் என் வாயில் என்ன வந்தது தெரியுமா? “வேண்டாம்யா. விசை அடி வாங்குற எடம் இல்லே. ஸ்பிரிங்கு மட்டும் மாத்தும்.” சொன்னது நானா என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

முந்தாநாள் சாயங்காலம் நாடகம். செண்பகம் முன்வரிசையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். வசனத்தில் பாதியை மறந்தேன், அது வழக்கம்தான். நீட்டினேன். இழுத்தேன்.

டுமீல்!

நானில்லை, துப்பாக்கி! முதல் கைதட்டு அவளுடையது. “எங்க வீட்ல அவிய செஞ்சது, எங்க வீட்ல அவிய செஞ்சது” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது மேடை வரைக்கும் கேட்டது. இன்ஸ்பெக்டராக நடித்த வெங்கட்ராமன் உன்னைப்போலத் துடிக்கவில்லை, சும்மா விழுந்தான். திரை விழுந்ததும் தானாகவே எழுந்து, “காப்பி வந்திருச்சா?” என்று கேட்டான். நான் அவனை நோக்கிப் பாதி குனிந்தவன், வேட்டியைச் சரிசெய்கிற மாதிரி நிமிர்ந்துகொண்டேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். நான் இருக்கும்வரை அந்தத் துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவேன், வருடா வருடம் வெடிக்கவைப்பேன், அடி வாங்காத எந்த இடத்தையும் இரும்பாக்க விடமாட்டேன். என் தங்கைக்கும் நான் இருக்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அன்றைக்கு உன்னை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். மேடையில் கிடப்பது போலவே கண்ணை நன்றாக மூடிக்கொண்டு கிடந்தாய். மாலை போட உன் பக்கத்தில் குனிந்தேன். வழக்கமான வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. சுற்றி எல்லாரும் இருந்தார்கள், சொல்லவில்லை.

எந்திரி மாப்ளே, திரை போட்டாச்சு.

வருடா வருடம் உன்னைச் சுட்ட
உன் மச்சான்