கேதம் கேட்க வந்த மேற்கோள்கள்

ஸ்டேப்ளர் தேடி உன் மேசை இழுப்பறையைத் திறந்தேன். தைல வாசனை முகத்தில் அடித்தது. சரியாக மூடாத சின்னக் குப்பி சாய்ந்து கிடந்து, பழைய மாநாட்டு அழைப்பிதழ்களை நனைத்திருக்கிறது. உன் மேசையில் இதுவரை யாரும் உட்காரவில்லை. நான் உட்கார விட்டதும் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே "ஏம்புள்ள, அந்த லைட்ட அமத்தேன்" என்பாயே, அது அப்படியே காதில் விழுந்தது. கண்ணாடியை மாற்றினால் அந்தத் தலைவலி போய்விடும் என்று இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தோம். இன்றைக்குத் தலைவலி எனக்கு. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சொன்னால் புரிகிற ஆள் நீ ஒருத்திதான்.

நம் மாநாடு போய்விடும்போல் இருக்கிறது.

ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாநாடு நடத்தப் போகிறோம் என்றபோது சிரிக்காத ஆள் இல்லை. "அங்கன எவன் வருவான்? கருவாட்டுக்கு வேணா மாநாடு போடுங்க" என்று என் கூடப்பிறந்த அண்ணனே சொன்னான். தங்கச்சிமடத்து மீன்பிடிக் குடும்பத்துப் பெண் நான், கீழக்கரைக்காரி நீ. சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்க் கட்டுரை வாசிக்க வசதியில்லாத நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இங்கேயே ஒரு மேடை வேண்டும் என்பதற்கு மேல் நம்மிடம் பெரிய திட்டம் ஒன்றும் கிடையாது. முதல் வருஷத் தலைமை விருந்தினர் சாமி கும்பிட ராமேஸ்வரம் போனவர், திரும்பும் வழியில் பாலத்தில் காற்று பலம் என்று ரயிலை நிறுத்தியதில் பாம்பனிலேயே மாட்டிக்கொண்டார். இறங்கிப் பஸ் பிடியுங்கள் என்றால், லக்கேஜ் நிறைய இருக்கிறது என்றார். அரங்கம் நிறைய ஆட்கள். நான் அழுகிற நிலையில் இருந்தேன். நீ மைக்கை வாங்கிக்கொண்டாய்.

"வந்தவுக வந்திருக்கோம்ல. ஒருத்தர் பேப்பர இன்னொருத்தர் படிங்க. படிச்சிட்டு, எங்கன புரியலன்னு மட்டும் எந்திரிச்சுச் சொல்லுங்க."

அன்றிலிருந்து அதுவே நம் மாநாட்டின் வழக்கமாகிவிட்டது. இங்கே கட்டுரை வாசிக்க வருகிறவர், அடுத்தவர் கட்டுரையில் ஒரு சந்தேகமாவது கேட்டாக வேண்டும். வெளியூரில் இருந்து வந்த பெரிய பேராசிரியர்கள் முகம் சுளித்தார்கள். நீ அசையவில்லை.

பிறகு ஒருநாள் கல்லூரி நிர்வாகம் கூப்பிட்டது. இந்த மாநாட்டால் ஆராய்ச்சி உலகத்துக்கு என்ன தாக்கம், எண்ணில் காட்டுங்கள் என்றார்கள். எண் என்றால் மேற்கோள். நம் மாநாட்டில் வந்த கட்டுரையைப் பிறகு எழுதுகிறவர்கள் எத்தனை பேர் தங்கள் கட்டுரையின் கடைசியில் குறிப்பிடுகிறார்கள் என்று எண்ணிச் சொல்ல வேண்டும். எண்ணினோம். கேவலமாக இருந்தது. அந்தச் சமயம் பார்த்து பக்கத்து மாவட்டக் கல்லூரி ஒன்றிலிருந்து ஒருவர் பேசினார்: எங்கள் மாநாட்டை நீங்கள் மேற்கோள் காட்டுங்கள், உங்களுடையதை நாங்கள் காட்டுகிறோம், இரண்டு பேர் எண்ணும் ஏறிவிடும். எனக்குக் கொஞ்சம் ஆசைதான். கீழக்கரை பஸ்ஸில் திருப்புல்லாணி தாண்டும்போது உன்னிடம் சொன்னேன். நீ சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இது மொய் எழுதுறதுதானே புள்ள. நான் உங்க வீட்டு விசேசத்துக்கு வந்தேன், நீ என் வீட்டுக்கு வான்னு. இதுக்கு எதுக்கு மாநாடு, மண்டபம் பிடிச்சா போதுமே."

அந்தச் சிரிப்பில் இருந்துதான் உன் கட்டுரை பிறந்தது. மேற்கோள்களை வெறுமனே எண்ணக் கூடாது, எதற்காகக் காட்டினார்கள் என்று பிரிக்க வேண்டும் என்றாய். நம் ஊர்ச் சொல்லிலேயே மூன்று பெட்டி வைத்தாய். தேவை, மரியாதை, செய்முறை. அந்தக் கட்டுரை இல்லாமல் இந்தக் கட்டுரை எழுதியிருக்கவே முடியாது என்றால் தேவை. பெரியவர் பெயரைச் சொல்லாமல் போகக் கூடாது என்று போட்டிருந்தால் மரியாதை. எனக்குச் செய்தாய், உனக்குச் செய்கிறேன் என்றால் செய்முறை. "அந்த வரிய எடுத்துட்டுப் படி. பேப்பர் நின்னுச்சுன்னா அது தேவையில்ல" என்பாய். நம் மாநாட்டுக்கே அதைப் போட்டுப் பார்த்து, தேவை எவ்வளவு குறைவு என்று ஒளிக்காமல் எழுதினாய். நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை. மற்ற யாரும் அதைப் படித்ததாகவும் தெரியவில்லை. நீ இருந்தவரை உன் கட்டுரைக்கு ஒரு மேற்கோள்கூட வரவில்லை. எனக்கு ஆத்திரமாக வரும். உனக்கு வராது.

தலைவலிக்கென்று சேர்த்த மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு விடிகாலையில் நீ போனாய். அன்றைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்கெல்லாம் அடக்கம் முடிந்துவிட்டது. சென்னையில் இருந்த, பெங்களூரில் இருந்த, துபாயில் இருந்த நம் பழைய பிள்ளைகள் யாரும் வந்து சேர முடியவில்லை. எனக்குப் போன் போட்டுப் போட்டு அழுதார்கள். உன் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்மவ ராவும் பகலுமா என்னமோ எழுதுனாளே, அது என்னாகும் தாயி?" என்றார்கள். "அது அப்படியே இருக்கும்மா, எங்கயும் போகாது" என்றேன்.

நம் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு என்றால் கேதம் கேட்கப் போகாமல் இருக்க முடியுமா? போய்ப் பெரிதாக எதுவும் செய்வதில்லை. சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறோம். ஆனால் போகாவிட்டால் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். உன் வீட்டுக்கு வர முடியாமல் போனவர்கள் அடுத்த மாநாட்டுக்கு வந்தார்கள். வந்தவர்களில் பாதிக்கு மேல் தங்கள் கட்டுரையில் உன் கட்டுரையை மேற்கோள் காட்டியிருந்தார்கள். ஒருவரும் மற்றவரிடம் சொல்லி வைத்துக்கொண்டு செய்யவில்லை. மீன் படங்களை அடையாளம் காணும் கட்டுரை, குரலை எழுத்தாக்கும் கட்டுரை, கள்ளக் கையெழுத்தைக் கண்டுபிடிக்கும் கட்டுரை, எல்லாவற்றின் கடைசியிலும் நீ. தொகுப்புக்காகப் பக்கங்களை அடுக்கும்போது பார்த்தேன். ஒவ்வொரு கட்டுரையாகத் திருப்பத் திருப்ப உன் பெயர் வந்துகொண்டே இருந்தது. பந்தலில் ஆட்கள் வந்து உட்காருவது போலவே இருந்தது எனக்கு. அப்படியே அச்சுக்கு அனுப்பினேன்.

போன மாதம் மெயில் வந்தது. நம் மாநாட்டைத் தன் அட்டவணையில் வைத்து மேற்கோள்களை எண்ணும் வெளிநாட்டு நிறுவனம் எழுதியிருந்தது. ஒரே கட்டுரைக்கு, ஒரே வருஷத்தில், ஒரே மாநாட்டிலிருந்து, சம்பந்தமே இல்லாத மேற்கோள்கள் குவிந்திருக்கின்றன, இது திட்டமிட்டு எண்ணை ஏற்றும் வேலை, அதனால் மாநாட்டை அட்டவணையிலிருந்து நிறுத்தி வைக்கிறோம் என்று. செய்முறையைப் பார்த்துச் சிரித்த உன்னைப் பிடித்துச் செய்முறைக்காரி என்கிறார்கள். படித்துவிட்டு மெயிலை மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன்.

அட்டவணையில் இல்லாத மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்ப யார் வருவார்கள்? எந்தக் கல்லூரியும் அதைக் கணக்கில் எடுக்காது. உப்பூரிலிருந்தும் திருப்பாலைக்குடியிலிருந்தும் வருகிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு கதவுதான் இருந்தது. விளக்கம் எழுதினேன். எங்கள் ஊர் வழக்கம் இது, இறந்தவருக்காகச் செய்தது, யாரும் இதில் லாபம் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாம் எழுதினேன். வீடியோவில் ஓர் அம்மாள் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். உங்கள் வழக்கத்துக்கு எழுத்துப்பூர்வமான விதிமுறை ஏதாவது இருந்தால் இணைத்து அனுப்புங்கள் என்றார். கேதத்துக்கு விதிமுறைக்கு நான் எங்கே போவேன்?

கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். தேவையில்லாத மேற்கோளை எல்லாம் அந்தந்தக் கட்டுரையை எழுதியவர் சம்மதத்தோடு நீக்கித் திருத்தம் வெளியிட வேண்டும். நீக்காமல் விடுவது ஒவ்வொன்றுக்கும் தனியாக நியாயம் எழுத வேண்டும். பிறகு பரிசீலிப்பார்கள். பிரின்சிபாலிடம் போனேன்.

"எடுத்துவிட்ருங்கம்மா. போனவுகளுக்கு சைட்டேஷன் எதுக்கு?" என்றார்.

அவர் கெட்ட மனுஷர் இல்லை. ஆனாலும் அந்த நிமிஷம் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து அவர் மேல் வீசியிருப்பேன். வீசவில்லை. வந்து எல்லாருக்கும் மெயில் போட்டேன்.

நீ சொல்லிக்கொடுத்த முறையிலேயே படித்தேன். உன் வரியை எடுத்துவிட்டுப் படித்தால் கட்டுரை நிற்கிறதா? படித்த வரைக்கும் எல்லாம் நின்றன. துபாய்க்காரப் பையன் அழுதுகொண்டே, "எடுத்துக்கங்க மிஸ், வேற என்ன செய்ய?" என்றான். பதில் போட்ட ஒவ்வொருவரும் சம்மதம் சொன்னார்கள், நான் ஒவ்வொன்றாக அடித்தேன். என்னுடையதும் இருந்தது. பாம்பன் கடல்புல் படங்களை வகைப்படுத்துவது பற்றிய கட்டுரை. அளவிடுதல் எவ்வளவு கவனமான வேலை என்பதற்கு இதைப் பார்க்கவும் என்று உன்னைக் கொண்டுவந்து நுழைத்திருந்தேன். எடுத்தேன். கட்டுரை நன்றாகவே நின்றது. இப்படி நிற்கிறதே என்று எனக்கு ஆறவில்லை. உம்மாவிடம், எங்கேயும் போகாது என்று சொன்னவள் நான். நானே உன்னை ஓர் இடம் விடாமல் துடைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இதற்கு மன்னிப்பு கேட்கக்கூடத் தெரியவில்லை.

இன்று மதியம் ஒரு பெண் போன் செய்தாள். நாகப்பட்டினத்தில் ஆராய்ச்சி மாணவி. மாநாட்டில் இணையம் வழியாகக் கலந்துகொண்டவள், நம் ஆட்கள் யாரையும் அவளுக்குத் தெரியாது.

"மேம், உங்க மெயில் பார்த்தேன். அந்த ரெஃபரன்ஸை எடுக்க முடியாது மேம். அவங்க முறையை வச்சுத்தான் எங்க பக்கத்து மாநாடு ஒண்ணை அளந்திருக்கேன். அதை எடுத்தா என் பேப்பர்ல ஒண்ணுமே இல்ல."

அவளே தொடர்ந்தாள்.

"அப்புறம் மேம், அவங்க நம்பர் கிடைக்குமா? மெயில் போட்டேன், பதிலே வரல. ரொம்ப பிஸியா இருப்பாங்கபோல. ஒரே ஒரு சந்தேகம்தான்."

"என்ன சந்தேகம்மா?" என்றேன்.

"சில மேற்கோள் தேவையா மரியாதையான்னு பிரிக்க முடியல, ரெண்டும் கலந்து இருந்துச்சு, அதையெல்லாம் நானே படிச்சு முடிவு செஞ்சேன்னு எழுதியிருக்காங்க. எதை வச்சு முடிவு செஞ்சாங்கன்னு எழுதல மேம். எனக்கும் அந்த மாதிரி நிறைய வருது."

நீ இல்லை என்பதைச் சொன்னேன். "ஐயோ, எனக்குத் தெரியாது மேம், சாரி மேம்" என்றாள். தெரியாததுதான் நல்லது என்று அவளிடம் எப்படிச் சொல்ல? உன்னை இழந்ததே தெரியாமல், நீ வேண்டும் என்று தேடி வந்தவள் அவள் ஒருத்திதான்.

"அப்ப இதை யார்கிட்ட மேம் கேக்குறது?" என்றாள்.

என்னிடம் கேள், நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் மேற்கோளுக்கு நியாயம் எழுத வேண்டியவள் நான். அதற்கு அந்தப் பதில் வேண்டும். உன் கட்டுரையைத் திறந்து வைத்திருக்கிறேன். அழாமல், ஒவ்வொரு வரியாக, பரீட்சைக்குப் படிப்பதுபோல் படிக்கிறேன். அந்த இடம் வந்துவிட்டது. கலந்து கிடப்பதை எதை வைத்துப் பிரித்தாய்? இரண்டும் கலந்துதான் எனக்குள் நீ இருக்கிறாய். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்லட்டும், புள்ள?