2E3 என்ற இலக்கமும் உன் பொய்யும்

இன்று காலை இரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். தாதி குப்பியில் இலக்கம் ஒட்டியதும், நடுவில் எழுத்து ஏதும் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். உடனே நினைவில் நீ வந்து நின்றாய், போக்கிரி.

நாம் இருவரும் கண்டியில் இரத்தம் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றுக்குப் புரோகிராம் எழுதிய காலம். கலஹாத் தேயிலைத் தோட்டப் பக்கம் எடுக்கும் இரத்தத்துக்கு E என்று அடையாளம். இரண்டாம் பெட்டியின் மூன்றாம் குப்பி என்றால் 2E3. உன் அம்மாவின் குப்பி அதுதான். சீனி அளவு சரியென்று ரிப்போர்ட் வந்ததும் தோட்டத்துக்குப் போன் போட்டாய். "அப்ப இனிமே மாத்திரை வேணாம்ல?" என்று அம்மா துள்ளியது எனக்கும் கேட்டது. பிறகுதான் நீ ரிப்போர்ட்டை முழுதாக வாசித்தாய்.

"ஏய், ஆண், வயசு முப்பத்தொண்ணுன்னு இருக்கு! எங்கம்மாவுக்கு எப்படிடி மீசை முளைச்சிச்சு?"

நான் புரோகிராமைத் திறந்து வரிவரியாகப் பார்த்தேன். இலக்கங்களை ஒப்பிடும் வரியில் நான் இரண்டு சமக்குறி போட்டிருந்தேன். அப்படிப் போட்டால் கணினி இலக்கத்தை எழுதியபடியே பார்க்காது, எண்ணாக மாற்றிப் பார்க்கும். எண்களுக்கு நடுவில் E வந்தால், பின்னால் இத்தனை சைபர் என்று அது படிக்கும்; 2E3 அதற்கு இரண்டுக்குப் பின் மூன்று சைபர். இரண்டாயிரம் என்ற இலக்கக்காரரின் ரிப்போர்ட்டைத் தூக்கி உன்னிடம் நீட்டிவிட்டது. மூன்றாவது சமக்குறி ஒன்று போட்டிருந்தால் போதும். அம்மாவின் உண்மையான ரிப்போர்ட்டில் சீனி எகிறிக் கிடந்தது.

"மாத்திரையப் போடுங்கம்மா!" என்று போனில் கத்தினாய். பிறகு கலஹாவில் இரத்தம் கொடுத்த ஒவ்வொருவரையும் அழைத்தாய். நான் தேம்பிக்கொண்டிருந்தேன். "அழுதுக்கிட்டே அடுத்த நம்பரச் சொல்லு" என்றாய். யார் எழுதிய வரி என்று மேலாளர் கேட்டபோது, நான் வாய் திறக்குமுன், "ரெண்டு பேருந்தான், சேர்" என்றாய். எனக்கு வேலை நிரந்தரமாகாத நேரம். அந்த வருடம் உனக்குப் பதவி உயர்வு வரவில்லை. ஏனென்று நான் கேட்கவுமில்லை.

நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. இன்று இரத்தம் கொடுத்த கையோடு அதே மேலாளரிடம் போய், அந்த வரியை எழுதியது நான் மட்டுந்தான் என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"அவங்க மறுநாளே வந்து, தனியாத் தான்தான் எழுதினேன்னு சொல்லிட்டாங்களே. ஒங்க பேரே வரக்கூடாதுன்னாங்க."

அடிப்பாவி. இத்தனை வருடமும் பக்கத்துக் கதிரையில் இருந்து சிரித்தாயே, ஒரு வார்த்தை சொன்னாயா? பிழை என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். உன்மேல் கோபம் கோபமாய் வருகிறது. அதைவிட அதிகமாய்ப் பாசம். இரண்டையும் உன்னிடம் சொல்ல வழியில்லை.